வியூஸ் ஏறுகிறது, பார்ப்பவர் நிற்பதில்லை: ஷார்ட்ஸ், ரீல்ஸில் ரிடென்ஷன் கணக்கு

2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வியூஸ் எண்ணும் முறை மாறிவிட்டது. அதுவரை ஒருவர் வீடியோவைக் கொஞ்ச நேரமாவது பார்த்தால்தான் அது ஒரு வியூ. இப்போது வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, அதே ஆள் திரும்ப ஓடவிட்டால் இன்னொரு வியூ. எண்ணிக்கை திடீரென்று எகிறியதும் சந்தோஷப்பட்டவர்கள் மாதக் கடைசியில் வருமானப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வியூஸ் இவ்வளவு ஏறியிருக்கிறதே, காசு ஏன் ஏறவில்லை?

பதில் ரிடென்ஷனில் இருக்கிறது. அதாவது, வந்தவர்களில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதில். இதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதல் மூன்று வினாடியில் பிடித்துவிட்டால் போதும் என்பது அதில் ரொம்பப் பிரபலம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை விட்டுவிடுவதால்தான் நல்ல தொடக்கம் உள்ள பல வீடியோக்கள் நடுவழியில் படுத்துவிடுகின்றன.

முதலில், எந்த எண் எதைச் சொல்கிறது?

வீடியோ போடுபவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்தால் நாலைந்து எண்கள் ஒன்றாகக் கண்ணில் படும். எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் சொல்வது வேறு.

1. வியூஸ். வீடியோ ஓடத் தொடங்கியது என்பதைத் தவிர வேறு எதையும் இது சொல்லாது. பார்த்த மாத்திரத்தில் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனவரும் இதில் அடக்கம். இன்ஸ்டாகிராமும் 2024 ஆகஸ்ட்டில் ரீல்ஸ், போட்டோ, ஸ்டோரி எல்லாவற்றுக்கும் வியூஸையே முதன்மை எண்ணாக ஆக்கியது.

2. என்கேஜ்டு வியூஸ். யூடியூபில் பழைய கணக்குப்படியான வியூஸுக்குத்தான் இப்போது இந்தப் பெயர். வீடியோ தொடங்கிய பிறகும் போகாமல் நின்று பார்த்தவை மட்டும் இதில் வரும்.

3. நின்றவர்களும் தள்ளியவர்களும். ஃபீடில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ வந்துகொண்டே இருக்கும் வரிசையில், உங்கள் வீடியோ எதிரே வந்தபோது நூறில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் ஸ்வைப் செய்து போனார்கள் என்ற விகிதம்.

4. சராசரி பார்வை நேரம், சராசரி பார்வை சதவீதம். முன்னது வினாடிக் கணக்கு, பின்னது வீடியோ நீளத்தில் எவ்வளவு பங்கு என்ற கணக்கு.

5. ரிடென்ஷன் கிராஃப். வீடியோவின் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் இருந்தார்கள் என்று காட்டும் கோடு. இந்த ஐந்தில் வேலைக்கு ஆகும் சாமான் இதுதான், ஆனால் பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை.

இப்போது காசு விஷயம். ஷார்ட்ஸுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்கும் முறை 2023 பிப்ரவரி 1ல் தொடங்கியது. நீண்ட வீடியோக்களில் விளம்பரம் உங்கள் வீடியோவின் மேலேயே ஓடும், ஷார்ட்ஸில் இரண்டு வீடியோக்களுக்கு நடுவே வரும். அதனால் அந்தப் பணத்தை மொத்தமாகச் சேர்த்து, பாட்டுக்கான உரிமைத் தொகையைக் கழித்து, வியூஸ் விகிதப்படி கிரியேட்டர்களுக்கு ஒதுக்கி, அப்படி ஒதுக்கியதில் 45 சதவீதத்தைக் கையில் கொடுக்கிறார்கள். இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்கேஜ்டு வியூஸை மட்டும்தான். யூடியூபில் சம்பாதிக்கச் சேர வேண்டிய பார்ட்னர் திட்டத்தில் விளம்பர வருமானப் பங்கு பெற 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் வியூஸ், 1,000 சப்ஸ்க்ரைபர் வேண்டும் என்ற விதியிலும் அப்படியே. ஆக, புதிதாக ஏறிய வியூஸில் பெரும்பகுதி நிற்காமல் போனவர்கள். அவர்கள் முன்பும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், இப்போது எண்ணிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் எல்லாம் நிற்பதில் வந்து முடிகிறது?

யூடியூப் ஒரு காலத்தில் கிளிக் எண்ணிக்கையை வைத்துத்தான் வீடியோக்களைப் பரிந்துரைத்தது. கவர்ச்சியான தம்ப்நெயில், உள்ளே ஒன்றுமில்லாத வீடியோ என்ற வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. 2012ல் கிளிக்கை விட்டுவிட்டு, பார்த்த நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மாற்றத்தின் வேர் அங்கே.

சிறு வீடியோ ஃபீட் அதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. அதில் பார்வையாளர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தலைப்பைப் படித்து, படத்தைப் பார்த்து, யோசித்து அழுத்தும் வேலையே இல்லை. அடுத்தது தானாக வந்து ஓடுகிறது. லைக் போடுபவர் கொஞ்சம், கமென்ட் எழுதுபவர் அதைவிடக் கொஞ்சம், ஆனால் எல்லோரும் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு: நிற்பது அல்லது தள்ளுவது. யாருக்கு எந்த வீடியோவைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதத்துக்கு ஒவ்வொரு ஆளிடமிருந்தும் நிச்சயமாகக் கிடைக்கும் தகவல் அது மட்டும்தான் என்பதால், அதற்கு அவ்வளவு கனம். டிக்டாக் 2020 ஜூனில் தன் ஃபீட் வேலை செய்யும் விதத்தை விளக்கியபோது, நீளமான வீடியோவை ஒருவர் முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பதை வலுவான அறிகுறி என்றும், பார்ப்பவரும் போட்டவரும் ஒரே நாட்டில் இருப்பதைப் பலவீனமான அறிகுறி என்றும் வெளிப்படையாகவே சொன்னது.

அதே மாதம் 29ஆம் தேதி இந்தியா டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது, செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலில் சோதித்துப் பார்த்ததும் இந்தியாவில்தான். இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்கள் டிக்டாக்கிலேயே தொடர, தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த இரண்டுக்கும் இடம் மாறினார்கள். தளம்தான் மாறியது, கணக்கு மாறவில்லை.

சராசரி மறைக்கும் சமாச்சாரம்

சராசரி பார்வை சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடியோவைத் திருத்தக் கிளம்புவது பெரிய தவறு. ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

இரண்டு வீடியோக்கள், இரண்டும் 30 வினாடி. முதல் வீடியோவைப் பார்த்த 100 பேரில் 50 பேர் எடுத்த எடுப்பிலேயே போய்விட்டார்கள், மீதி 50 பேர் கடைசி நொடி வரை இருந்தார்கள். இரண்டாவது வீடியோவில் 100 பேரும் 15 வினாடி வரை அசையாமல் இருந்துவிட்டு, பதினாறாவது வினாடியில் மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். இரண்டுக்கும் சராசரி ஏறக்குறைய 15 வினாடி, 50 சதவீதம். எண் ஒன்றுதான், நோய் வேறு வேறு.

முதல் வீடியோவில் சரக்கு நன்றாக இருக்கிறது, வாசல்தான் சரியில்லை. அல்லது வாசலும் சரியாக இருந்து, சம்பந்தமில்லாத ஆட்களிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். தொடக்கத்தை மட்டும் மாற்றினால் போதும், மற்றதில் கை வைக்கவே கூடாது. இரண்டாவதில் தொடக்கத்தைத் தொடக் கூடாது. பதினாறாவது வினாடியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அங்கே விடை முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும், இல்லையென்றால் விளம்பரப் பேச்சு ஆரம்பித்திருக்கும், இல்லையென்றால் பேசுபவர் "சரி, இதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்று திசை மாறியிருப்பார். சராசரியை மட்டும் பார்த்தவர் இரண்டு வீடியோவுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து இரண்டையும் கெடுப்பார்.

இன்னொரு கேள்வியும் எப்போதும் கேட்க வேண்டியது: சராசரி எடுக்கும்போது யார் யாரைச் சேர்த்து வகுத்தார்கள்? இது சில்லறைக் கேள்வி இல்லை. 2016ல் ஃபேஸ்புக், தன் சராசரி பார்வை நேரத்தை இரண்டு வருடமாக மிகைப்படுத்திக் காட்டிவந்ததாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மூன்று வினாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்து வகுத்துவிட்டார்கள், உடனே தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. விளம்பர நிறுவனம் ஒன்றுக்கு அவர்கள் சொன்னபடி மிகை 60 முதல் 80 சதவீதம் வரை இருந்திருக்கலாம். உங்கள் நண்பர் தன் ரீல்ஸுக்கு 90 சதவீதம் ரிடென்ஷன் என்றால், ஸ்வைப் செய்தவர்கள் அதில் சேர்த்தியா என்று கேட்டுவிட்டு அப்புறம் பொறாமைப்படலாம்.

நீளம் எவ்வளவு இருக்கலாம்?

2020ல் ரீல்ஸும் ஷார்ட்ஸும் 15 வினாடியில்தான் ஆரம்பித்தன. 2024 அக்டோபர் 15 முதல் ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போகலாம், 2025 ஜனவரியில் ரீல்ஸும் 3 நிமிடத்துக்கு வந்தது. இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக நிரப்புவதா?

20 வினாடி வீடியோவைச் சராசரியாக 16 வினாடி பார்த்தால் 80 சதவீதம். 60 வினாடி வீடியோவை 30 வினாடி பார்த்தால் 50 சதவீதம். சதவீதத்தில் முதலாவது ஜெயிக்கிறது, வினாடியில் இரண்டாவது. எது மேல் என்று அல்காரிதம் நினைக்கும்? தளங்களுக்கே இது தலைவலிதான். வெறும் வினாடிகளை வைத்தால் நீளமான வீடியோக்கள் சும்மாவே முன்னே வந்துவிடும், சதவீதத்தை வைத்தால் ஐந்து வினாடி வீடியோக்கள் ஃபீடை நிரப்பிவிடும். சீனாவின் குவாய்ஷோ நிறுவன ஆய்வாளர்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தச் சாய்வைத்தான் எடுத்துக்கொண்டது. வீடியோக்களை நீளவாரியாகக் குழு பிரித்து, ஒரு வீடியோ அதன் குழுவுக்குள் எங்கே நிற்கிறது என்று கணிப்பது அவர்கள் சொன்ன வழி.

எந்தத் தளம் எந்தச் சூத்திரத்தில் ஓடுகிறது என்று தோண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உங்கள் 60 வினாடி வீடியோவை உங்களுடைய மற்ற 60 வினாடி வீடியோக்களோடு ஒப்பிடுங்கள், 15 வினாடி வீடியோவோடு ஒப்பிட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீளத்தை விஷயம்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த இடத்தில் வீடியோ நிற்க வேண்டும்.

ஒரு தோசைக்கல் வீடியோவைப் பிரித்துப் பார்ப்போம்

இப்படியே பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் பிடிபடாது. இரும்புக் கல்லில் தோசை ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று 45 வினாடி வீடியோ ஒன்று, வழக்கமாக இப்படித்தான் இருக்கும்:

0 முதல் 4 வினாடி: சேனல் பெயர் சுழன்று வருகிறது. "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன்."
4 முதல் 11: இரும்புக் கல் உடம்புக்கு நல்லது, அந்தக் காலத்தில் எல்லோர் வீட்டிலும் இதுதான் இருந்தது.
11 முதல் 14: இன்னும் சப்ஸ்க்ரைப் செய்யாதவர்கள் செய்துவிடுங்கள்.
14 முதல் 22: அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைச் சூடாக்குவது.
22 முதல் 34: பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பது, தண்ணீர் தெளித்துத் துடைப்பது.
34 முதல் 41: மாவு ஊற்றித் தோசையை எடுப்பது.
41 முதல் 45: பிடித்திருந்தால் லைக், ஷேர், நன்றி வணக்கம்.

இதற்குக் கிராஃப் எப்படி வரும் என்று யூகிக்கச் சிரமமில்லை. சுழலும் பெயரில் செங்குத்தாக ஒரு சரிவு. இரும்பின் மகிமையில் மெதுவாக ஒரு வழுக்கல். அதைக் கேட்பவர் ஏற்கெனவே இரும்புக் கல் வாங்கி அதில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர், அவரிடம் அதன் பெருமையைச் சொல்லி என்ன பயன்? சப்ஸ்க்ரைப் வேண்டுகோளில் இன்னொரு சரிவு, இன்னும் ஒன்றுமே கொடுக்கவில்லையே. அடுப்பு சூடாகும் எட்டு வினாடியில் திரையில் எதுவுமே நடக்கவில்லை. 22வது வினாடியில் விஷயம் தொடங்கும்போது பார்க்க ஆள் இல்லை.

அதையே 28 வினாடியில் இப்படிச் செய்யலாம். முதல் ஷாட்டில் தோசைத்திருப்பி கல்லைச் சுரண்டுகிறது, தோசை கிழிந்து பாதி கல்லிலேயே நிற்கிறது, அந்தச் சுரண்டல் சத்தத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மேலே குரல்: "கல்லு மேல தப்பு இல்ல, சூடுதான் தப்பு." மூன்றாவது வினாடியில் அதே கல்லில் இன்னொரு தோசை ஓரம் தூக்கிக்கொண்டு தானாகக் கிளம்புகிறது. ஐந்தாவது வினாடியில் விளக்கம்: சூடு பத்தாவிட்டால் மாவு ஒட்டும், சூடு மிஞ்சினால் பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். பிறகு வரிசையாக, கல்லை நன்றாகச் சூடாக்கு, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெய் தொட்டுத் தேய், தண்ணீர் தெளி, சொட்டுகள் சீறி ஓடும், துடை, தீயைக் குறை, மாவை ஊற்று. தோசை கிளம்பும் சத்தத்தோடு வெட்டிவிடு.

இரண்டிலும் விஷயம் ஒன்றுதான், வெங்காயமும் அதே வெங்காயம்தான். வித்தியாசம் எங்கே? ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1994ல் ஆர்வத்தைப் பற்றி எழுதியது இங்கே பொருந்தும். தனக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை ஒருவர் உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்றார் அவர். கவனியுங்கள், கொஞ்சமாவது தெரிந்திருந்தால்தான் இடைவெளியே தெரியும். "இந்த ரகசியம் உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கும் வீடியோக்கள் இப்போதெல்லாம் தோற்பது இதனால்தான் என்பது என் கணிப்பு. எதைப் பற்றிய ரகசியம் என்றே தெரியாதபோது அதைத் தெரிந்துகொள்ள யாருக்கு அரிப்பு வரும்? "சூடுதான் தப்பு" என்பது பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியை வைத்துக்கொள்கிறது. சூடு அதிகமா, குறைவா என்ற கேள்வி கேட்பவர் மனதில் தானாக எழுகிறது. அதற்குப் பதில் கிடைத்ததும் சரியான சூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற அடுத்த கேள்வி வருகிறது. ஒரு கேள்வி மூடும்போது இன்னொன்று திறந்திருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து மூடிய நொடியில் ஆள் கிளம்பிவிடுவார்.

தொடக்கத்திலேயே முடிவைக் காட்டிவிட்டால் அப்புறம் யார் நிற்பார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். செய்முறை வீடியோக்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை, தோசை கிளம்பும் என்று தெரிந்த பிறகுதான் எப்படி என்று தெரிந்துகொள்ள நிற்பார்கள். கதைக்கும் நகைச்சுவைக்கும் வேறு. அங்கே முடிவைச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

நடுப்பகுதியில் ஆள் நழுவும் இடங்கள்

முதல் மூன்று வினாடிக்கு மூன்று மணி நேரம் செலவழிப்பவர்கள் நடுப்பகுதியை அப்படியே கொட்டிவிடுவதால், கிராஃபில் இரண்டாவது சரிவு அங்கே வருகிறது. அது முதல் சரிவு மாதிரி செங்குத்தாக இருக்காது, மெதுவாக இறங்கும், கண்ணில் படாது.

1. வேகமாக வெட்டினால் நின்றுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. இரண்டு வினாடிக்கு ஒரு கட், ஒரு ஜூம், ஒரு உஷ் சத்தம். வெட்டும் வேகம் வேறு, விஷயம் நகரும் வேகம் வேறு. ஒரே கருத்தை ஆறு கோணத்தில் வெட்டிக் காட்டினாலும் அது ஒரே கருத்துதான். கைவேலையையோ கோலத்தையோ ஒரே ஷாட்டில் காட்டும் வீடியோவில் ஒரு வெட்டும் இருக்காது, ஆனால் ஒவ்வொரு நொடியும் புள்ளிகள் கோடாகிக்கொண்டிருக்கும், ஆள் நகர மாட்டார்.

2. பட்டியல் வீடியோ. "5 டிப்ஸ்" என்று ஆரம்பித்தால் மூன்றாவதில் கூட்டம் கரையும், ஏனென்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பட்டியலில் ஒவ்வொரு எண்ணும் வெளியேற ஒரு வாசல். ஐந்தை மூன்றாக்கி, அடுத்தது முந்தையதைச் சார்ந்து வரும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

3. பேச்சின் சதை. "அது வந்து", "பார்த்தீங்கன்னா", மூச்சு இழுப்பது, சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்வது. இவற்றை வெட்டுங்கள். நகைச்சுவையில் சிரிக்கவைக்கும் பஞ்ச் வரிக்கு முன்னால் வரும் அந்த அரை வினாடி மௌனத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அது சதை இல்லை, உயிர்.

4. எழுத்து. பஸ்ஸிலும் ஆபீஸிலும் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் நிறைய, அவர்களுக்குத் திரையில் எழுத்து வேண்டும். வலது ஓரத்தில் லைக், ஷேர் பட்டன்களும் கீழே தலைப்பும் ஏறிக்கொள்ளும் என்பதால் எழுத்தை நடுவில் வையுங்கள். தமிழில் சொற்கள் நீளம், "எடுத்துக்கொள்ளப்படுகிறது" என்ற ஒரே சொல் ஒரு வரியைத் தின்றுவிடும். அதனால் பேசுவதை அப்படியே எழுத்தாக்காமல் மூன்று நான்கு சொல்லாகச் சுருக்கிப் போடுவது நல்லது.

கடைசி இரண்டு வினாடியும் லூப்பும்

"நன்றி, வணக்கம்" என்பது போகலாம் என்று சொல்வது. பேசும் தொனி இறங்கி, பின்னணி இசை அடங்கினாலே பார்ப்பவரின் விரல் நகர ஆரம்பித்துவிடுகிறது. விஷயம் முடிந்த நொடியிலேயே வெட்டிவிட்டால் அவர் கிளம்புவதற்குள் வீடியோ மறுபடி தொடங்கியிருக்கும். 2013ல் வந்த வைன் செயலியில் வீடியோக்கள் 6 வினாடிதான், ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2017 ஜனவரியில் அதை மூடிவிட்டாலும், முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டவைக்கும் லூப் கலையை வளர்த்துவிட்டது அதுதான். ஷார்ட்ஸில் திரும்பப் பார்ப்பதும் கணக்கில் சேர்வதால் சராசரி பார்வை சதவீதம் 100ஐத் தாண்டுவது உண்டு, அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் லூப் ஒத்துவராது. பாட்டு, நடனம், கைவேலை, சின்ன நகைச்சுவைக்கு அழகு. வங்கிக் கடனையோ பட்டா மாறுதலையோ விளக்கிவிட்டுக் கடைசி வாக்கியத்தை முதல் வாக்கியத்தோடு ஒட்டவைத்தால், கேட்பவருக்கு எங்கே முடிந்தது என்று புரியாமல் எரிச்சல்தான் வரும்.

ஏமாற்றி நிறுத்தினால்?

சந்தையில் லேகியம் விற்பவர் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே கூட்டத்தைப் பிடித்து வைப்பார், கடைசி வரை கீரி கூடையைவிட்டு வெளியே வராது. "கடைசி வரை பாருங்க, அதிர்ந்துடுவீங்க" வகை வீடியோக்கள் அந்தப் பரம்பரைதான். படித்து முடிக்கவே முடியாத வேகத்தில் எழுத்தைப் போட்டுத் திரும்பப் பார்க்க வைப்பது, திருத்த வந்து கமென்ட் போடட்டும் என்று வேண்டுமென்றே ஒரு தப்பை விடுவது, விடையை இரண்டாம் பாகத்துக்குத் தள்ளுவது எல்லாம் இதில் சேரும்.

பார்வை நேரம் ஏறும், அது நிஜம். ஆனால் தளங்கள் அதை மட்டும் பார்ப்பதில்லை. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசெரி 2025 ஜனவரியில் முக்கியமான மூன்று அளவுகளைச் சொன்னார்: பார்வை நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது. உங்களைப் பின்தொடராத புது ஆட்களிடம் போய்ச் சேர, அனுப்புவதற்குக் கூடுதல் கனம் என்பதையும் அவரே சொன்னார். ஏமாந்தவர் கடைசி வரை பார்த்திருக்கலாம், ஆனால் அதை யாருக்கும் அனுப்ப மாட்டார். யூடியூப் வீடியோ பிடித்திருந்ததா என்று பார்வையாளர்களிடம் நேரடியாகவே கேட்டுக் கணக்கில் சேர்க்கிறது, ஆர்வமில்லை என்று அழுத்தும் வசதி எல்லாத் தளத்திலும் உண்டு. லைக்குக்கும் கமென்ட்டுக்கும் கெஞ்சித் தூண்டில் போடும் பதிவுகளைக் கீழே தள்ளப் போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது.

கிராஃப் சொல்லாதது

இதுவரை சொன்னதெல்லாம் கிரியேட்டர் பக்கம். பார்ப்பவர் பக்கம் ஒரு விளைவு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒரு மூலிகைக் கஷாய வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். "சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்" என்று ஒரு வரி வருகிறது. சர்க்கரை இல்லாதவர்களுக்கு அது தேவையில்லாத நாலு வினாடி, அதனால் அங்கே கோடு இறங்கும். கிராஃபை மட்டும் பார்த்துக் கத்தி வைப்பவர் அடுத்த வீடியோவில் வெட்டி எறியும் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும். முதலீட்டு வீடியோவில் நஷ்டம் வரலாம் என்ற வரி, வேலைவாய்ப்பு வீடியோவில் வயது வரம்பு, பூச்சிமருந்து வீடியோவில் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லும் வரி, எல்லாமே இந்த இனம். யாரும் கெட்ட எண்ணத்தோடு வெட்டுவதில்லை, கோடு இறங்கியது, வெட்டினார்கள். எச்சரிக்கை சலிப்பாக இருப்பது இயல்பு. மக்கள் எங்கே போனார்கள் என்று மட்டுமே அந்தக் கோடு காட்டும், எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று காட்டாது.

இதற்கு ஒரு வழி, எச்சரிக்கையைக் கடைசியில் ஒட்டுப்போடாமல் ஹூக்கிலேயே, அதாவது ஆளைப் பிடிக்கும் முதல் வரியிலேயே, வைப்பது. "சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவங்க இந்தக் கஷாயத்தைத் தொடாதீங்க, ஏன்னு சொல்றேன்" என்று தொடங்கினால், அதுவே நிற்கவைக்கும் வரியாகிவிடும். காரணத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அடுத்த வீடியோவுக்கு முன்னால்

ஐம்பது நூறு வியூஸில் கிராஃபைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நாலு பேர் போனாலே கோடு ஆடும், அது எதையும் நிரூபிக்காது. சில ஆயிரம் வந்த பிறகு, ஒரே நீளமுள்ள ஐந்தாறு வீடியோக்களின் கிராஃபை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் சரிகிறதா? அப்படியென்றால் அது உங்கள் பழக்கம். பெயர் அட்டையோ, வணக்கமோ, சப்ஸ்க்ரைப் வேண்டுகோளோ, ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் அங்கே உட்கார்ந்திருக்கும்.

2. ஒரே ஒரு வீடியோவில் மட்டும் சரிந்திருந்தால் அந்த நொடிக்குப் போய், சத்தத்தை நிறுத்தி ஒரு முறை, படத்தைப் பார்க்காமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டில் ஒன்றில் காரணம் அகப்படும்.

3. கோடு திடீரென்று மேலே ஏறியிருந்தால் அங்கே திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, அவ்வளவு நன்றாக இருந்தது; அல்லது புரியவில்லை. கமென்ட்டைப் படித்தால் எது என்று தெரிந்துவிடும்.

4. தொடக்கத்தில் சந்தேகம் இருந்தால் இன்ஸ்டாகிராமில் 2024 டிசம்பரில் வந்த ட்ரையல் ரீல்ஸ் வசதி இருக்கிறது, ஃபாலோயர்களுக்குக் காட்டாமல் முதலில் வெளியாட்களிடம் போட்டுப் பார்க்கலாம். ஒரே வீடியோவுக்கு இரண்டு தொடக்கம் எடுத்து, மற்றதில் ஒரு நொடியும் மாற்றாமல், தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டால் எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்க முடியாது.